மாதா கோயில் மணி அடித்தால் மட்டும் பிரசாரமா?

சனிக்கிழமை நடந்த இலக்கியக் கூட்டத்தைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு வீடியோ கிடைத்துவிட்டது. "ரீச்சர், பேசாமல் விடுங்கோ" என்று இன்பொக்ஸில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. விட முடியவில்லை.

"ரீச்சருக்கு நல்ல மொழி வாய்த்திருக்கிறது, ஆனால் கதைகளில் சுவிசேஷ வாடை கொஞ்சம் தூக்கல்." என் கதைகளைப் பற்றி மேடையில் பேசியவர் சொன்னது இதுதான். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது, படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எங்கள் திருகோணமலைப் பத்திரகாளி அம்மன் கோயில் தேரோடு ஒரு கதை தொடங்கினால் அது மண்வாசனை. கிண்ணியாவில் பாங்கு கேட்கிற நேரத்தில் ஒரு கதை முடிந்தால் அது பன்முகப் பண்பாடு. இரண்டும் எனக்குச் சம்மதம், இரண்டையும் ரசித்து வாசிக்கிறவள் நான். பாலையூற்று லூர்து மாதா கோயில் மணி அடித்தால் மட்டும் அது எப்படிப் பிரசாரமாகிறது?

நான் வளர்ந்த வீட்டில் செபமாலை சொல்லி முடித்த பிறகுதான் இரவுச் சாப்பாடு. பசி வயிற்றைக் கிள்ளும், அம்மா ஐந்தாவது காரணிக்கத்தை வேண்டுமென்றே நீட்டுவதுபோல இருக்கும். அந்த வீட்டைத்தான் எனக்கு எழுதத் தெரியும். என் கதையில் வருகிறவர்கள் தேவாரமா பாடுவார்கள்? என் நாவலில் ஒருவரும் மதம் மாறவில்லை. ஞானஸ்நானம் ஒரே ஒருவருக்குத்தான் நடக்கிறது. அதுவும் கைக்குழந்தை, அழுதுகொண்டேதான் வாங்குகிறது.

எனக்கு உண்மையில் சுட்டது அந்தப் பகிடிகூட இல்லை, அதற்கு முன்னால் அவர் பேசியது. திருகோணமலை நாவல் பாரம்பரியம் என்று பெருமையாகத் தொடங்கி, 1895இல் சரவணமுத்துப்பிள்ளை எழுதிய 'மோகனாங்கி'யில் போய் நின்றார். நல்லது, பெருமைப்பட வேண்டியதுதான். இன்னும் நாலு வருஷம் பின்னால் போயிருக்கலாமே? 1891இல் 'ஊசோன் பாலந்தை கதை' எழுதிய இன்னாசித்தம்பியும் இதே ஊர்க்காரர்தானே? கரடி வளர்த்த பிள்ளையைப் பற்றிய ஐரோப்பியக் கதையின் தழுவல் அது, சுயமான கற்பனை இல்லை என்று ஒதுக்கலாம். சரி, அதையாவது மேடையில் சொல்லி ஒதுக்கியிருக்கலாம். பெயரே வரவில்லை. மறந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் கிறிஸ்தவப் பெயர்கள் மட்டும்தான் எப்போதும் மறந்து போகின்றன.

இப்போது சிலர் வருவீர்கள், தெரியும். "நாட்டில் மதமாற்றப் பிரச்சினை இருக்கிறது ரீச்சர், சனத்துக்குப் பயம் இருக்காதா?" இருக்கும். வீட்டுக்கு வீடு துண்டுப்பிரசுரத்தோடு வந்து நிற்பவர்களைக் கண்டால் எனக்கும் எரிச்சல்தான். என் வீட்டுப் படலையையும் தட்டி, நீ கும்பிடுவது சரியில்லை என்று எனக்கே வகுப்பு எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் மறுக்கவில்லை. அதற்காக ஒரு கிழவி சிலுவை அடையாளம் போடுவதைக்கூட எழுதக் கூடாதா? ஆறுமுக நாவலரைவிடச் சைவத்தில் பற்றுள்ளவர்களா நீங்கள்? அவரே பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத் தமிழாக்கத்துக்கு உதவியவர். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கலையைத்தான் விமர்சித்தார், மதத்தை அல்ல" என்பீர்கள். புத்தகத்தில் எத்தனையாம் பக்கம் என்று சொல்லச் சொல்லுங்கள். "பரிசு கிடைக்காத கோபம்" என்பவர்களுக்குப் பதில் கிடையாது.

சரி, அந்தப் பக்கம்தான் அப்படி, நம்முடைய ஆட்கள் தாங்குவார்கள் என்று நினைக்கிறீர்களா? போன புத்தகத்தைத் திருநாள் அன்று கோயில் வளவில் ஒரு மேசை போட்டு விற்கலாமா என்று கேட்டேன். பங்குச் சபையில் ஒருவர், "இதில் காதல் வருகிறது, குருவானவர் ஒருவருக்குக் கோபமும் வருகிறது, பிள்ளைகள் கையில் கொடுக்கேலாது" என்றார். செபப் புத்தகமும் மெழுகுதிரியும் விற்ற மேசைக்குப் பக்கத்தில் என் புத்தகத்துக்கு இடமில்லை. அவர்களுக்கு நான் போதாத கிறிஸ்தவள், இவர்களுக்கு மிஞ்சின கிறிஸ்தவள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும்போது வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டுக் கைகட்டி நிற்பார் என் அப்பா. லூர்து மாதா திருநாளுக்கு எங்கள் அயல் சைவக் குடும்பங்கள் மெழுகுதிரியோடு வருவார்கள். இதையெல்லாம் எவரும் வாடை பிடித்துப் பார்க்கவில்லை. இலக்கியக் கூட்டத்துக்குத்தான் இவ்வளவு மூக்கு.

அதனால் செவ்வாய்க்கிழமை, போதும் என்று முடிவெடுத்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலுள்ள கொமியூனிகேஷன் கடைக்குப் போனேன். என் இரண்டாவது நாவலின் கையெழுத்துக் கொப்பி அங்கேதான் இருந்தது. நெற்றியில் திருநீறு மாறாத பிள்ளை ஒன்று அதைக் கம்பியூட்டரில் பாமினி எழுத்துருவில் அடித்துத் தருகிறது. அதுவரைக்குமான காசைக் கொடுத்துக் கொப்பியைத் திருப்பி வாங்குவதுதான் எண்ணம். வாயைத் திறக்க முதல் அது கேட்டது:

"ரீச்சர், மிச்சத்தைக் கொண்டு வரேல்லையோ? ரோசலின் அக்கான்ர மகன் வருவானோ, மாட்டானோ?"

ரோசலின் என் நாவலில் வருகிறவள். மகன் காணாமல் போனவன். ஒவ்வொரு திருநாளுக்கும் அவனுடைய வெள்ளைச் சேர்ட்டைத் தோய்த்து, கொலருக்குக் கஞ்சி போட்டு, ஸ்திரிக்கை பிடித்துக் கதவு ஆணியில் கொழுவி வைத்துவிட்டுத்தான் பூசைக்குப் போவாள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு கிடந்தது.

"எங்கட அம்மம்மாவும் மாமான்ர சேர்ட்டை வருஷப் பிறப்புக்கு வருஷப் பிறப்பு இப்பிடித்தான் எடுத்துக் கொழுவுறவ. நீங்கள் எப்ப ரீச்சர் எங்கட வீட்ட வந்தனீங்கள்? கோவிக்காதேங்கோ, ஒரு பிரிண்ட் கூட எடுத்து அம்மாவுக்குக் குடுத்திட்டன். அவதான் அம்மம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினவ."

என்னைக் கேட்காமல் எடுத்த பிரிண்ட். எழுதுகிறவள் என்ற முறையில் நான் கோபப்பட்டிருக்க வேண்டும். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பிறகு, மனதில் கிடந்ததைக் கேட்டேன்: ரோசலின் அடிக்கடி "இயேசுவே" என்று கூப்பிடுகிறாளே, உனக்கு அது இடைஞ்சலாக இல்லையா?

அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. "அவ வேற என்னெண்டு கூப்பிடுவா ரீச்சர்?"

பேராசிரியர் ஒருவரும் இல்லை, மேடையும் இல்லை, ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கித் தட்டுகிற பிள்ளை. சனிக்கிழமை மண்டபத்தில் அவ்வளவு படித்தவர்கள் இருந்தும் ஒருவருக்கும் இது வாயில் வரவில்லை. யாராவது ஒருவர் சிரிக்காமல் இருந்திருந்தால்கூட எனக்குப் போதும். என்னோடு படிப்பித்தவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களும்தான் சிரித்தார்கள். இதை எழுதும்போது கை நடுங்குகிறது, அது வயதால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொப்பியைத் திருப்பி வாங்கவில்லை. மிச்ச அதிகாரங்களுக்கு முற்பணமும் கொடுத்துவிட்டு வந்தேன்.

கீழே சண்டைக்கு வருகிறவர்கள் புத்தகத்தை வாசித்துவிட்டுப் பக்க எண்ணோடு வாருங்கள். இன்னொன்று, சனிக்கிழமைக் கூட்டத்தை நடத்திய அதே அமைப்பிலிருந்து நேற்றுப் போன் வந்தது. டிசம்பரில் நல்லிணக்க விழாவாம். ரீச்சர் நாலு பிள்ளைகளைக் கூட்டிவந்து ஒரு கரோல் பாடினால் அழகாக இருக்குமாம். பாடகர் குழுத் தம்பியின் நம்பரை அனுப்பிவிட்டேன். எனக்கு அன்றைக்கு எழுத்து வேலை இருக்கிறது.