மாதப் பணமும் தொழிலாகும்
ஏழைகளுக்கு மாதந்தோறும் தரும் பண உதவி அரிசி பருப்பிலேயே கரைந்துவிடும், மொத்தமாகக் கொடுத்தால்தான் தொழில் பிறக்கும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அது பாதி உண்மைதான். கென்யாவின் கிராமங்களில் நடந்த ஆய்வில், மாதம் சுமார் 22.50 டாலரை 2 ஆண்டுகளுக்கு மட்டும் பெற்றவர்களைவிட மொத்தத் தொகை பெற்றவர்கள் அதிகமாகத் தொழில் தொடங்கினர் என்றாலும், அதே மாதத் தொகை 12 ஆண்டுகளுக்குத் தொடரும் என்ற உறுதியைப் பெற்றவர்களும் பின்தங்கிவிடவில்லை. நாம் இங்கே மலேசியாவில் கூட்டு என்று சொல்லும் சீட்டில் (எல்லாரும் தவணைதோறும் பணம் கட்ட, முறைவைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வது) சேர்ந்து, அவர்களில் பலர் அதைத் தாங்களே மொத்தத் தொகையாக மாற்றிக்கொண்டனர். நிபோங் திபாலில் என் அத்தை செய்ததும் ஏறக்குறைய இதுவே. 2012இல் பிரிம் என்ற அரசாங்க உதவியாக ஒரே முறையில் கிடைத்த 500 ரிங்கிட் மளிகைக் கடையின் கடன் நோட்டுக்கே போய்விட்டது. பின்னாளில் மாதாமாதம் சமூகநல உதவி வரத் தொடங்கிய பிறகுதான், 10 பேர் ஆளுக்கு 100 ரிங்கிட் கட்டும் கூட்டில் துணிந்து சேர்ந்து, தம் முறை வந்தபோது மாவரைக்கும் இயந்திரம் வாங்கித் தோசை மாவு விற்கத் தொடங்கினார். (இப்பணம் மக்களைச் சோம்பேறியாக்கும் என்று சொல்பவர்கள், விடியற்காலை 4 மணிக்கு அவர் உளுந்து களைவதைப் பார்த்ததில்லை.) தேதி தவறாமல் வருவதே இதில் முக்கியம், ஒரு முறை பணம் மூன்று வாரம் தாமதமானபோது, கூட்டுக் கட்டுவதற்காகக் காதுத் தோட்டை அடகு வைக்க நேர்ந்ததை அவர் இன்றும் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்வார்.