அஞ்சலி போஸ்டரில் கப்பல் பெயர் எங்கே?

நேவியில் இருந்த அப்பா இறந்துவிட்டால் தெருமுனை ஃபிளெக்ஸில் ஒரே வரிதான்: "முன்னாள் கடற்படை வீரர், பல நாடுகள் கண்டவர்." எந்தக் கப்பல், என்ன வேலை, எந்த நாடு என்று கேட்டால் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வீட்டை ஒழிக்கிறேன் என்று ஆரம்பித்து, வெள்ளை பெயின்டில் பெயரும் நம்பரும் எழுதிய அந்தக் கறுப்பு டிரங்க் பெட்டி காயலான் கடைக்குப் போய்விடும். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் அதற்குள்தான் இருந்திருக்கும்.

கப்பல் பெயரும் தேதியும் பிரிவும் இல்லாமல் ஒரு நேவிக்காரரின் வாழ்க்கையை எழுதுவது வெட்டி வேலை என்பது என் கட்சி. "நாட்டுக்காக உழைத்தவர்" என்பது யாருக்கும் பொருந்தும். "பழைய மைசூர் கப்பலில் பாய்லர் ரூம்" என்பது அவருக்கு மட்டும்தான் பொருந்தும்.

முதலில் தேட வேண்டியது டிஸ்சார்ஜ் புக், படையை விட்டு வரும்போது கையில் கொடுக்கும் சர்வீஸ் புத்தகம். எந்தக் கப்பலில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அப்போது என்ன ரேங்க் என்று வரிசையாக இருக்கும். இது ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் பென்ஷன் ஆர்டர், கேன்டீன் கார்டு, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை இவற்றில் சர்வீஸ் நம்பரைப் பிடியுங்கள். நம்பரோடு ஒட்டி வரும் கடைசி ஆங்கில எழுத்தை விட்டுவிடாதீர்கள், அதுவும் நம்பரின் பகுதிதான். மாலுமிகளின் ஆவணங்களுக்கான அலுவலகம் மும்பை மான்குர்தில் இருக்கிறது. எழுதிக் கேட்பதென்றால் நம்பர், முழுப் பெயர், சேர்ந்த ஆண்டு, உங்கள் உறவுக்கான சான்று எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். வெறும் பெயரை மட்டும் எழுதினால் ஒன்றும் நடக்காது.

இப்போது ஒரு பெரிய குழி. புத்தகத்தில் 'ஐஎன்எஸ்' (இந்தியக் கடற்படைக் கப்பல்) என்று இருப்பதெல்லாம் மிதக்கும் கப்பல் இல்லை. கடற்படை தன் கரைத் தளங்களுக்கும் கப்பல் மாதிரியே பெயர் வைக்கும். சிவாஜி என்பது லோனாவாலா மலைமேல் இருக்கும் இன்ஜினியரிங் பயிற்சிப் பள்ளி. வல்சுரா ஜாம்நகரில் மின் பிரிவுப் பள்ளி. ஹம்லா மும்பை மலாடில், சிர்கார்ஸ் விசாகப்பட்டினத்தில், வெந்துருத்தி கொச்சியில், சில்கா ஒடிசாவில். அரக்கோணம் ராஜாளி விமான தளம், திருநெல்வேலி விஜயநாராயணத்துக் கட்டபொம்மன் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நிலையம். "அப்பா சிவாஜி கப்பலில் ரெண்டு வருஷம் கடலில் இருந்தார்" என்று நினைவு மலரில் அச்சடித்தால், வந்திருக்கும் அவருடைய பழைய நண்பர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அதைவிட மோசமான குழி, ஒரே பெயரில் இரண்டு கப்பல். கப்பல் ஓய்வு பெற்றாலும் பெயர் ஓய்வு பெறாது, புதிதாக ஒன்றுக்கு வைத்துவிடுவார்கள். விக்ராந்த் என்றால் 1961 முதல் 1997 வரை இருந்த பழைய விமானம் தாங்கியா, 2022இல் வந்த புதியதா? மைசூர் 1957இல் வந்த க்ரூஸரா, 1999இல் வந்த டிஸ்ட்ராயரா? 1971 டிசம்பர் 9 அன்று டையூ அருகே மூழ்கிய குக்ரி வேறு, 1989இல் சேர்ந்த குக்ரி வேறு. கூகுளில் பெயரைப் போட்டால் முதலில் வருவது புதிய கப்பலின் படம். அதை அப்படியே எடுத்து அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அவர் ரிட்டயர் ஆகி இருபது வருஷம் கழித்துக் கட்டிய கப்பலில் அவரை ஏற்றிவிட்டால் எப்படி?

இதற்கு ஃபோட்டோவே வழி சொல்லும். பின்னணியில் தெரியும் கப்பலின் பக்கவாட்டில் பெரிதாக ஓர் எழுத்தும் எண்ணும் தீட்டியிருக்கும். சி 60 என்றால் பழைய மைசூர், டி 60 என்றால் புதியது. சி 74 பழைய டெல்லி, டி 61 புதிய டெல்லி. டி 51 ராஜ்புத், ஆர் 22 விராட். விக்ராந்த் மட்டும் படுத்தும், பழையதும் புதியதும் ஆர் 11தான். அங்கே டெக்கில் நிற்கும் விமானத்தைப் பாருங்கள். ஸீ ஹாக், அலீஸே என்றால் பழையது. கைச் சட்டையில் ஒற்றை நங்கூரம் இருந்தால் அப்போது அவர் லீடிங் ரேங்க். இரண்டு நங்கூரம் குறுக்காக இருந்தால் அதற்கு மேல் ரேங்கான பெட்டி ஆபீசர். படத்தின் பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள், பென்சிலில் ஊரும் தேதியும் கிறுக்கியிருப்பார்கள். கறுப்புத் தாள் ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியதைப் பிய்க்காதீர்கள், படம் இரண்டாகப் பிளந்துவிடும். பக்கத்தோடு சேர்த்து 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் போதும்.

மெடல்களைப் புளி போட்டு விளக்காதீர்கள். பெரும்பாலும் விளிம்பில்தான் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும், தேய்த்துத் தேய்த்து அது அழிந்துவிடும். விளிம்பு வெறுமையாக இருந்தால் கடையில் வாங்கிய நகலாக இருக்கலாம். தொலைத்தவர்கள் அப்படி வாங்கி மாட்டிக்கொள்வது சகஜம்தான், குற்றமில்லை. 1971 பாகிஸ்தான் போருக்குப் பூர்வி ஸ்டார் என்றால் கிழக்குப் போர்முனை, பஷ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு. இரண்டும் இல்லாமல் சங்கிராம் மெடல் மட்டும் இருந்தால், அந்தக் காலத்தில் படையில் இருந்தார் என்று மட்டுமே பொருள்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், 1971இல் நேவியில் இருந்த எல்லா அப்பாக்களையும் வீட்டில் உள்ளவர்கள் கராச்சிக்கு அனுப்பிவிடுகிறார்கள். டிசம்பர் 4 இரவு கராச்சியைத் தாக்கியவை நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள். துணைக்குப் போனவை கில்டன், கச்சால். விக்ராந்தில் இருந்தவர் அப்போது வங்காள விரிகுடாவில் இருந்தார், அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. அது என்ன குறைந்த வேலையா? உள்ளதை எழுதினாலே போதும்.

கடிதங்களை நம்பி ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. அனுப்புநர் முகவரியில் கப்பல் பெயரும் 'மேற்பார்வை: ஃப்ளீட் மெயில் ஆபீஸ்' என்றும்தான் இருக்கும். கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும் முகவரி கரையில் இருக்கும் அந்தக் கடற்படைத் தபால் அலுவலகம்தான். இன்லேண்ட் லெட்டரில் தேதி மட்டும் பயன்படும். டிஸ்சார்ஜ் புக்கின் கப்பல் வரிசைக்குப் பக்கத்தில் கடிதத் தேதிகளை எழுதிக்கொண்டே வந்தால், நீண்ட இடைவெளி விழும் மாதங்கள் கண்ணில் படும். கடலில் இருந்த மாதங்களை அங்கேதான் முதலில் தேட வேண்டும்.

அப்பா உயிரோடு இருக்கிறார் என்றால் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் "போர்ல என்ன பண்ணீங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள், "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்று முடித்துவிடுவார். "மிடில் வாட்ச் முடிஞ்சு வந்தா சாப்பிட என்ன இருக்கும்?" என்று கேளுங்கள். வாட்ச் என்பது கப்பலில் முறைவைத்துப் பார்க்கும் டியூட்டி, நள்ளிரவு 12 முதல் 4 வரை மிடில் வாட்ச். மாலை 4 முதல் 8 வரையுள்ள நேரத்தை மட்டும் இரண்டிரண்டு மணியாக வெட்டி டாக் வாட்ச் என்பார்கள். அப்படி வெட்டுவதால் ஒரு நாளில் ஏழு வாட்ச் ஆகிறது, அதே ஆளுக்குத் தினமும் அதே நேரம் விழாது. இது உங்களுக்குத் தெரியும் என்று தெரிந்தாலே அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவார்.

பிரிவைப் பார்த்துக் கேள்வியை மாற்றுங்கள். சிக்னல்காரர் கடலைப் பார்த்தவர். இன்ஜின் ரூம்காரர் பத்துத் துறைமுகம் போயிருந்தாலும் பார்த்தது பெரும்பாலும் குழாயும் வால்வும்தான். "ஊர் எப்படி இருந்தது?" என்பதைவிட "கரையில் இறங்க எத்தனை மணி நேரம் விட்டார்கள், என்ன வாங்கினீர்கள்?" என்று கேட்டால் பதில் வரும். 1960களின் கடைசியிலிருந்து சோவியத் கப்பல்களைக் கொண்டுவரப் போனவர்கள் அங்கே மாதக்கணக்கில் தங்கியவர்கள். ராஜ்புத் 1980 மே 4 அன்று படையில் சேர்ந்தது அன்றைய சோவியத் ஜார்ஜியாவின் போட்டி (Poti) என்ற துறைமுகத்தில். அந்த அப்பாக்களிடம் நாலு ரஷ்ய வார்த்தை கேட்டுப் பாருங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

பீரங்கிச் சத்தத்திலும் இன்ஜின் சத்தத்திலும் இருந்தவர்களுக்குக் காது மந்தமாக இருக்கும். நல்ல காதின் பக்கம் உட்காருங்கள். ஃபேனை நிறுத்துங்கள், ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போட்டு மடித்த துண்டின்மேல் வையுங்கள். நாற்பது நிமிஷத்துக்கு மேல் இழுக்காதீர்கள். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அப்பா வருஷத்தைக் கப்பலை வைத்துக் கணக்குப் போடுவார், அம்மா பிள்ளை பிறந்ததை வைத்துப் போடுவார். இரண்டும் இடிக்கும் இடத்தில் டிஸ்சார்ஜ் புக்கைத் திறந்து பாருங்கள். அப்படியே அதில் அம்மாவின் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று ஆதாரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் குடும்ப பென்ஷன் இழுத்தடிக்கும். திருத்த வேண்டுமென்றால் கையெழுத்துப் போட அப்பா இருக்கும்போதே திருத்திவிடுங்கள்.