பால் பத்தவில்லை என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் வெளியே உட்காரலாம்

ஆகஸ்ட் முதல் வாரம் வந்தால் போதும், மருத்துவமனைச் சுவரெல்லாம் தாய்ப்பால் வாரச் சுவரொட்டிகள். தலைமுடி கலையாத ஒரு தாய், இஸ்திரி மடிப்புக் குலையாத புடவை, கன்னம் உப்பிய ஒரு குழந்தை. கீழே நன்மைகளின் பட்டியல்: நோய் எதிர்ப்பு சக்தி, மூளை வளர்ச்சி, தாய்க்குப் புற்றுநோய் அபாயம் குறைவு, செலவே இல்லை. கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்ற எல்லாம் உண்மை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் தாய்ப்பால் கட்சிதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் கஷ்டத்தை மறைத்துவிட்டுப் புகழ்ச்சியை மட்டும் ஒட்டிவைப்பதால்தான் பாதிப் பெண்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பது என் கருத்து. பிறந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு வீட்டுச் சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு வயது வரையோ அதற்கு மேலுமோ என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 63.7 விழுக்காட்டினருக்குத்தான் தாய்ப்பால் மட்டும் கிடைத்தது. ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கிற நம் தமிழ்நாடு அந்தச் சராசரிக்கும் கீழே. சுவரொட்டிக்குப் பஞ்சமில்லாத மாநிலத்தில் ஏன் இப்படி?

நன்மைகளை நான் குறைத்துப் பேசவில்லை. முதல் இரண்டு மூன்று நாள் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை என்று சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்த ஊர்கள் நம்முடையவை. கழுதைப்பால் சங்கு இன்றும் தெருவில் வருகிறது. அளவில் சில சொட்டுதான் என்றாலும் குழந்தையின் குடலுக்கு உள்ளே பூச்சுபோல் படிந்து கிருமியைத் தடுக்கும் எதிர்ப்புப் புரதங்கள் சீம்பாலில்தான் செறிவாக இருக்கின்றன. குறைமாதக் குழந்தைகளைக் கொல்லும் குடல் அழற்சி தாய்ப்பால் குடிக்கிறவர்களுக்குக் குறைவாக வருகிறது. அதற்காகவே சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடங்களில் தாய்ப்பால் வங்கி வைத்து, தானமாக வந்த பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிக் கொடுக்கிறார்கள். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியே மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் தொடங்கியதுதான். தாய்க்கும் லாபம் உண்டு. குழந்தை சப்பும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கருப்பையைச் சுருக்கி இரத்தப்போக்கைக் குறைக்கிறது. முப்பது நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002இல் வெளியான கணக்கின்படி, மொத்தமாகப் பால் கொடுத்த ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 விழுக்காடு குறைகிறது.

சரி, இப்போது பிரசவ வார்டுக்குள் வாருங்கள்.

என் தங்கைக்குத் திருநெல்வேலியில் சிசேரியன். இரண்டாம் நாள் காலை. தையல் வலியில் ஒருக்களிக்கக்கூட முடியாமல் கிடக்கிறாள். அறையில் அவளுடைய மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா, தூரத்துச் சித்தி ஒருத்தி. குழந்தை அழுகிறது. "பால் பத்தவில்லை போலிருக்கிறதே" என்று சித்தி ஆரம்பித்தார். "எனக்கெல்லாம் பீறிட்டு அடிக்கும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, பெருமூச்சு மட்டும். சாயங்காலத்துக்குள் மேசைமேல் ஒரு பால்மாவு டப்பாவும் ஒரு பாட்டிலும் வந்து உட்கார்ந்துவிட்டன. யார் வாங்கிவரச் சொன்னார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கையைக் காட்டினார்கள்.

இரண்டாம் நாளில் யாருக்குத்தான் பத்தும்? பால் இறங்குவதே மூன்றாம் நாள் வாக்கில். சிசேரியன் என்றால் இன்னும் சற்றுத் தள்ளிப்போகலாம். தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவம் சிசேரியன் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. பிறந்த அன்று குழந்தை ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாகக் குடித்தாலே அதிகம். சீம்பால் அதற்குப் போதும். முதல் சில நாளில் குழந்தையின் எடை கொஞ்சம் குறைவதும் இயல்பு. இரண்டு வாரத்துக்குள் மீண்டுவிடும். அழுகை பசிக்கு மட்டும் வருவதல்ல. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா, இந்த இரண்டைத்தான் பார்க்க வேண்டும். அறைக்குள் வருகிறவர்கள் பார்ப்பது குழந்தையின் டயப்பரையா, தாயின் மார்பையா?

இந்தத் தீர்ப்பு தன்னைத்தானே உண்மையாக்கிக்கொள்வதுதான் கொடுமை. சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். இறங்கிய பால் அப்படியே தங்கினால் சுரப்பு குறையும். ஒரு பாட்டில் உள்ளே போனால் குழந்தை தூங்கிவிடும், அந்த வேளை சப்பாது, அந்த வேளைக்கான பால் ஊறாது. ஒரு வாரம் இப்படிப் போனால் சித்தி சொன்னது பலித்துவிடும். பயமும் அவமானமும் சேர்ந்துகொண்டால் இருக்கிற பாலும் சட்டென்று இறங்காது. உண்மையிலேயே சுரப்புக் குறைவான பெண்கள் உண்டு. தைராய்டு கோளாறு, மார்பில் முன்பு நடந்த அறுவை, பிரசவத்தில் அதிக இரத்தப்போக்கு என்று காரணங்களும் உண்டு. அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். சாத்துக்குடிப் பையோடு பார்க்க வந்தவர் அல்ல.

அடுத்தது வலி. இதை எந்தச் சுவரொட்டியும் சொல்லாது. காம்பு வெடித்து இரத்தம் கசிய, குழந்தை வாயைத் திறந்தாலே கால் விரல் மடங்க, பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்கிற பெண்ணிடம் "தாய்மை என்றால் அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலும் குழந்தை கவ்வும் விதம்தான் தவறு. தங்கைக்கு இரவுப் பணிக்கு வந்த செவிலியர் ஒருவர் சரிசெய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்தார். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார். காம்பால் மேலுதட்டை மெல்ல வருடி, வாய் கொட்டாவி அளவுக்குத் திறக்கும்வரை காத்திருந்து, திறந்ததும் குழந்தையை மார்போடு சேர்த்து அணைத்தார். தாடை மார்பில் பதிந்தது, கீழுதடு வெளியே மடிந்தது, காம்போடு கருவட்டத்தின் கீழ்ப்பகுதியும் வாய்க்குள் போனது. கொஞ்ச நேரத்தில் விழுங்கும் சத்தம் கேட்டது. தங்கை அழுதாள், வலி நின்றதில். மொத்த வேலையும் சில நிமிடம்தான். அதைச் செய்து காட்ட அறைக்கு ஒரு செவிலியர் வேண்டும்; நம் வார்டுகளில் ஒருவர் எத்தனை கட்டிலைப் பார்க்கிறார் என்பது உங்களுக்கே தெரியும்.

பால் கட்டிக்கொள்வது இன்னொன்று. மார்பு பாறையாக இறுகி, அக்குள் வரை வலித்து, குழந்தை கவ்வவே முடியாமல் போகும். கொடுத்தோ பீய்ச்சியோ எடுத்தால் சரியாகும். கண்டுகொள்ளாமல் விட்டால் காய்ச்சல், சிவப்பு, சீழ் வரை போகும். குழந்தையை இழந்த பெண்ணுக்குப் பால் வற்ற மல்லிகைப் பூவை மார்பில் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதை ஒரு மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1988இல் வெளியிட்டார்கள். பூ உண்மையிலேயே சுரப்பைக் குறைத்தது. நம் பாட்டிமார்கள் சொன்ன எல்லாமே மூடநம்பிக்கை என்று தூக்கிப் போடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் முடியாது. பால்சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை எல்லாம் சத்தான சாப்பாடு, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் "தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று பிள்ளை பெற்றவளுக்கு அளந்து ஊற்றுகிற வீடுகளை என்ன செய்வது? ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் தொண்டை வறளும். ஒரு நாளைக்குக் கூடுதலாக ஐந்நூறு, அறுநூறு கலோரி வேண்டிய உடம்புக்குப் பத்தியம் என்று மிளகு ரசமும் சோறும். குழந்தைக்கோ நேர்மாறு: அதற்குத் தண்ணீரே வேண்டாம், அக்னி நட்சத்திரத்திலும் வேண்டாம், பாலிலேயே ஏறத்தாழ 88 விழுக்காடு தண்ணீர்தான். நம் வீடுகளில் தாய்க்குத் தண்ணீரை மறுத்துவிட்டுக் குழந்தைக்குச் சங்கில் ஊற்றுகிறார்கள். கூடவே கிரைப் வாட்டர், வசம்பு, உரைமருந்து.

தூக்கம் போவதைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு முடியாது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம் சுரக்கும் என்பதால் இரவுப் பாலை நிறுத்தவும் முடியாது. அப்பாவால் பால் கொடுக்க முடியாதுதான். ஏப்பம் விடவைக்க முடியும், துணி மாற்ற முடியும், தோளில் போட்டு உலாத்த முடியும், தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைக்க முடியும். இதில் எதற்கும் மார்பு தேவையில்லை.

பலரும் பேசக் கூச்சப்படுகிற ஒன்று: "பால் கொடுக்கும்வரை அடுத்தது தங்காது" என்பது அரைகுறை உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, பகலும் இரவும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. ஒன்று தவறினாலும் நம்ப முடியாது. கைக்குழந்தையோடு மறுபடி கர்ப்பமாகி நிற்கிற பெண்களை எல்லாக் கிராமச் செவிலியருக்கும் தெரியும்.

இப்போது அந்தச் "செலவே இல்லை". ஒரு வேளைக்கு இருபது நிமிடம், அரை மணி, ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வேளை. வாரத்துக்குக் கூட்டிப் பாருங்கள், அது ஒரு முழுநேர வேலையை நெருங்கும். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதிய விடுப்பைக் கொண்டுவந்தது. பிரசவத்துக்கு முன்பே அதில் எட்டு வாரம் எடுத்தவளுக்கு மிச்சம் 18 வாரம். ஆறு மாதக் கணக்கு அங்கேயே உதைக்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு, நல்லது, பாராட்டுகிறேன். ஆனால் சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கு? வீட்டு வேலை செய்கிறவளுக்கு? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புக்குத் தவணையாக வரும். வேலைக்குப் போகாமல் எத்தனை மாதம் அதில் அடுப்பெரியும்? மூன்றாம் மாதமே பிள்ளையைக் கிழவியிடம் விட்டுவிட்டு மண் சுமக்கப் போனவளின் ஜாக்கெட் மத்தியானத்துக்குள் நனைந்திருக்கும். அவளிடம் போய்ச் சுவரொட்டியைக் காட்ட எனக்கு வாய் வராது.

அலுவலகத்தில் இருக்கிறவர்களுக்கும் சொர்க்கம் இல்லை. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. பீய்ச்ச இடம்? கழிவறை. உங்கள் சாப்பாட்டைக் கழிவறையில் வைத்துக் கட்டித்தருகிறோம் என்றால் சம்மதிப்பீர்களா? 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் வந்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். எங்கள் ஊர் அறையில் இப்போது துடைப்பமும் உடைந்த நாற்காலிகளும்தான் இருக்கின்றன, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை.

பால்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் திட்டு விழும். அது விஷம் அல்ல. தாய் கீமோதெரபி எடுக்கிறாள், குழந்தைக்கு காலக்டோசீமியா என்ற, பால் சர்க்கரையை உடம்பு ஏற்காத பிறவிக் கோளாறு, தாயே இல்லை, முயன்றும் முடியவில்லை: இப்படி எத்தனையோ வீடு. காலக்டோசீமியா குழந்தைக்கு எந்தப் பாலும் ஆகாது, மருத்துவர் சொல்லும் தனி மாவுதான். மற்றவர்களும் மருத்துவரிடம் கேட்டு, கொதித்த தண்ணீரில், டப்பாவில் போட்ட அளவுப்படி கரைத்துக் கொடுத்தால் குழந்தை நன்றாகவே வளரும். ஆபத்து வேறு இடத்தில். டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று ஒரு கரண்டியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவது, கழுவாத பாட்டில், காலையில் கரைத்ததை மதியம் கொடுப்பது. இரண்டு வயது வரையான உணவுக்கு விளம்பரம் செய்யக் கூடாது, இலவச மாதிரி கொடுக்கக் கூடாது என்று 1992லேயே சட்டம் போட்டு 2003இல் இறுக்கியதும் காரணமாகத்தான். ஆனால் டப்பாவில் வளர்ந்த பிள்ளையின் அம்மாவை அரை அம்மாவாகப் பார்க்கிற பார்வைக்கும் ஒரு தடைச்சட்டம் வேண்டும். "தாய்ப்பால் குடித்திருந்தால் வாடா" என்று மேடையில் சவால் விடுகிற வீரர்களுக்கும் சேர்த்து.

தாய்ப்பாலுக்கே இரண்டு குறை உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்: வைட்டமின் டி போதாது, அதனால் சொட்டு மருந்து எழுதித் தருவார்கள், தவறாமல் கொடுங்கள். வயிற்றிலிருந்தபோது சேர்த்துவைத்த இரும்புச்சத்து ஆறு மாதத்தில் தீரும், அதனால் அப்போது கட்டாயம் சாப்பாடு தொடங்க வேண்டும். பாலே போதும் என்று ஒரு வயது வரை இழுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எப்போது நிறுத்துவது என்று கேட்டால், இரண்டு பேரும் விரும்புகிறவரை. ஆறாம் மாதம் வரை "இன்னும் கொடு, இன்னும் கொடு" என்று விரட்டிய அதே வாய்கள் ஒரு வயது தாண்டியதும் "இன்னுமா கொடுக்கிறாய்" என்று முகம் சுளிக்கும், அதற்குத் தயாராக இருங்கள். பால் மறக்கடிக்க வேப்பிலை அரைத்துத் தடவச் சொன்னார் என் அம்மா. தடவினேன். மகள் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள், முகத்தைக் கோணினாள், என் முந்தானையை இழுத்து நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி குடிக்க ஆரம்பித்தாள். பிறகு பகலில் கேட்டால் வாழைப்பழம், இரவில் மட்டும் பால் என்று ஒவ்வொரு வேளையாகக் குறைத்துத்தான் நிறுத்த முடிந்தது.