அரிது என்பதால் மட்டுமா?
பேஸ்பால் வீரர் அட்டைப் பாக்கெட்டில் சாதாரண அட்டைகளுக்கு நடுவே அரிதாகச் செருகப்படும் தனி வரிசைதான் இன்செர்ட் செட். அதன் மதிப்பு எத்தனை அட்டை அச்சானது என்பதில்தான் இருக்கிறது என்று இந்தக் கட்டுரை சொல்வதைப் பாதிதான் ஏற்பேன். அட்டை நிறுவனமான டான்ரஸின் 'டைமண்ட் கிங்ஸ்' 1982-இல் வந்தபோது இன்செர்ட்டே கிடையாது. சாதாரண செட்டின் முதல் 26 அட்டைகள், அணிக்கு ஒருவர், டிக் பெரெஸ் வரைந்த ஓவியம். தங்க ஃபாயில் (மின்னும் மெல்லிய தகடு) ஒட்டி இன்செர்ட் ஆனது 1992-இல்தான். என் ஆல்பத்தில் நான் அடிக்கடி திருப்பிப் பார்ப்பது பீட் ரோஸ் என்ற வீரரின் அட்டையில் தொடங்கும் அந்த மலிவான 26-ஐத்தான். அப்புறம், ஃபாயில் மின்னினாலே போதும் என்கிற மேலே கருத்து எழுதிய நண்பருக்கு: புழுக்கமான ஒரு கோடை முழுக்க அடுக்கிவைத்திருந்த என் பளபள அட்டைகள் செங்கல் மாதிரி ஒட்டிக்கொண்டன. பிரித்ததில் அட்டையிலிருந்த ஒரு பிட்சருக்கு (பந்து வீசுபவர்) மூக்கே போய்விட்டது.