காலண்டர் தாள் சுற்றிய சிடி

2007ஆம் ஆண்டு லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா மகன், வந்த அன்றே என் கையில் ஒரு சிடியைத் திணித்தான். "ஒரு கடையில் இதைப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அண்ணா. எனக்குத் தலைவலி வந்தது. உடனே உங்கள் ஞாபகமும் வந்தது" என்றான். நல்ல தம்பி. திருப்பிப் பார்த்தால் அட்டையில் 'காட்டுமிராண்டிகளின் பாலியல் வாழ்க்கை' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. அம்மா ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் அந்தத் தலைப்பின் இரண்டாவது வார்த்தைக்கு எழுத்துக் கூட்டத் தேவையில்லை. பள்ளிப் புத்தகத்துக்குப் போடுவதுபோல் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, மேலே 'பிரேசில்' என்று பேனாவால் எழுதி அலமாரியில் வைத்தேன். வெகுநாள் அது கால்பந்து சம்பந்தப்பட்டது என்றே அம்மா நினைத்திருந்தார்.

லண்டனின் சோல் ஜாஸ் நிறுவனம் 2005இல் வெளியிட்ட தொகுப்பு அது. பிரேசிலின் சாவோ பாவுலோ நகரத்தின் 1980களின் போஸ்ட்-பங்க் இசை, அதாவது கரடுமுரடான பங்க் ராக்கிலிருந்து கிளைத்த இசை. தலைப்பைப் பார்த்து முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிரேசில் என்றால் காட்டுமிராண்டிதானா என்று. பிறகுதான் விஷயம் புரிந்தது. பசிபிக் கடலிலுள்ள ட்ரோப்ரியாண்ட் தீவு மக்களைப் பற்றி மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1929இல் வெளியிட்ட நூலின் தலைப்பைத்தான் சற்றே திருகி வைத்திருக்கிறார்கள். பாடல்களைத் தொகுத்தவர்கள் பிரேசில்காரர்களே. சாவோ பாவுலோவிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்த டெச்சினி என்ற இருவர் இசைக்குழு. 'எங்களை இப்படித்தானே பார்ப்பீர்கள், இந்தாருங்கள்' என்கிற நக்கல் அது. 'ஆமாம், நாங்கள் நரமாமிசம் தின்பவர்கள், உங்கள் பண்பாட்டையும் தின்று செரிப்போம்' என்று 1928இலேயே கவிஞர் ஓஸ்வால்ட் டி அன்ட்ராடே அறிக்கை எழுதிய ஊர். அந்தக் குசும்பு இன்னும் போகவில்லை.

அஸ் மெர்செனாரியாஸ் என்ற குழுவைக் கேட்டபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெயருக்குக் கூலிப்படைப் பெண்கள் என்று அர்த்தம். சாவோ பாவுலோ பல்கலைக்கழக வளாகத்தில் உருவான பெண்கள் குழு. வழக்கமான ராக் இசையில் கிட்டார் முன்னால் நிற்கும், பேஸ் என்னும் தாழ்சுருதிக் கிட்டார் பின்னால் நின்று தாங்கும். இங்கே எல்லாம் தலைகீழ். சாண்ட்ரா கூட்டின்யோவின் பேஸ்தான் பாட்டை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. கிட்டார் அதன் மேல் தகரத்தை ஆணியால் கீறுவதுபோல் கீறுகிறது. ரோசாலியா முன்யோஸ் பாடுவதைப் பாடுவது என்று சொல்வதா, பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டரிடம் சண்டை போடுவது என்று சொல்வதா, தெரியவில்லை. பல பாடல்கள் இரண்டு நிமிடத்தைக்கூடத் தொடுவதில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஒன்றைப் போட்டால், பால் பொங்குவதற்குள் சண்டை முடிந்துவிடும்.

எனக்குப் போர்ச்சுகீஸ் தெரியாது. அகராதியை வைத்துக்கொண்டு தலைப்புகளை மட்டும் முட்டி மோதிப் படித்தேன். 1986இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெயர் 'ஆயுதங்கள் எங்கே?'. அதில் ஒரு பாட்டின் பெயர் 'போலீஸ்', இன்னொன்றின் பெயர் 'புனிதத் திருச்சபை'. அது எந்த ஆண்டு என்று கவனியுங்கள். பிரேசிலில் 1964இல் வந்த ராணுவ ஆட்சி 1985இல்தான் போனது. தணிக்கையோ 1988ஆம் ஆண்டு அரசியல் சட்டம் வரும்வரை இருந்தது. போலீஸ்காரனின் லத்தி அதே கையில் இருக்கும்போதே பாடிய பாட்டு இது. அதனால்தான் அந்த அவசரம் என்று எனக்குத் தோன்றும். கதவு தட்டப்படுவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்பதுபோல.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

இந்த இசையைப் பற்றி இணையத்தில் எழுதுகிற அனேகமாக எல்லோரும் 'தொலைந்துபோன', 'மறக்கப்பட்ட', 'மீட்டெடுக்கப்பட்ட' என்ற மூன்று வார்த்தைகளில் ஒன்றைப் போடாமல் விடுவதில்லை. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். என்னைத் திருத்தியது அந்த சிடியோடு வந்த சிறு புத்தகமும், அதைத் தொடர்ந்து நான் தேடிப் படித்த ஆல்பங்களின் விவரக் குறிப்புகளும்.

ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் யார் எந்தக் குழுவில் என்ன வாசித்தார்கள் என்று எழுதிக் கோடு போட ஆரம்பித்தேன். மெர்செனாரியாஸில் பேஸ் வாசிக்கும் சாண்ட்ராவே ஸ்மாக் என்ற குழுவிலும் பேஸ். ஸ்மாக்கின் கிட்டார்காரர் எட்கார்ட் ஸ்காண்டுர்ரா. அவர் யார்? மெர்செனாரியாஸ் தொடங்கியபோது அவர்களுக்கு டிரம்ஸ் வாசித்தவர். அதோடு இரா என்ற பிரபலமான ராக் குழுவின் கிட்டார்காரர். இடது கைக்காரரான அவர், வலது கைக்காரர்களின் கிட்டாரை நரம்புகளை மாற்றிப் பூட்டாமல் அப்படியே கவிழ்த்து வாசிப்பவர். ஸ்மாக்கின் டிரம்மர் தாமஸ் பப்பன். அவரே ஃபெலினி குழுவின் பாதி. வாலுன்டாரியோஸ் டா பாட்ரியா என்ற இன்னொரு குழுவிலும் இருந்திருக்கிறார். கோடுகள் சிக்குக் கோலம் மாதிரி ஆகிவிட்டன. தொகுப்பைக் கேட்டபோது ஒரு நகரமே கொந்தளித்ததாக நினைத்திருந்தேன். பத்திரிகையின் பின்பக்கத்தில் பார்த்தால், ஒரு வேனில் ஏற்றிவிடக்கூடிய கூட்டம்!

தொகுப்பு ஆல்பங்களின் மாயம் இது. சில நண்பர்கள் மாறி மாறி ஒருவர் வீட்டில் இன்னொருவர் வாசித்ததை ஓர் இயக்கம்போலக் காட்டிவிடும். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கு அந்தச் சின்னக் கூட்டம்தான் இன்னும் பிடித்தது. மடாம் சதான் என்ற இரவு விடுதியில், 'டார்க்' என்று ஊரார் கேலி செய்த கறுப்புச் சட்டைக்காரர்கள் நடுவே, மேடையிலிருந்து இறங்கியவரே அடுத்த குழுவோடு மறுபடி மேடையேறுவதை நினைத்துப் பாருங்கள்.

இவர்களை முதலில் 'கண்டுபிடித்தது' லண்டன் நிறுவனமும் அல்ல, அதே 2005இல் 'நாவோ வேவ்' என்ற இன்னொரு தொகுப்பைக் கொண்டுவந்த பெர்லினின் மேன் ரெக்கார்டிங்ஸும் அல்ல. லூயிஸ் கலாங்கா என்ற மருந்தாளுநர். சாவோ பாவுலோவின் மையத்தில், 24 டி மாயோ தெருவில் ஒரு பல மாடிக் கடை வளாகம் இருக்கிறது. இன்று ஊரே அதை ராக் கேலரி என்று அழைக்கிறது. மருந்து வேலையை விட்டுவிட்டு அங்கே 1978இல் பாராட்டோஸ் அஃபின்ஸ் என்று ஓர் இசைத்தட்டுக் கடை திறந்தார். 1982இலிருந்து அதே பெயரில் தட்டுகளும் வெளியிட ஆரம்பித்தார். மெர்செனாரியாஸ், ஸ்மாக், ஃபெலினி, வாலுன்டாரியோஸ் எல்லோருடைய முதல் ஆல்பமும் அந்தக் கடையிலிருந்து வந்ததுதான்.

இன்னும் கேளுங்கள். இந்தத் தொகுப்பு யோசனையும் அவருடையதே. 1980களின் நடுவிலேயே 'நாவோ சாவோ பாவுலோ' என்று ஒரு தொகுப்பு போட்டுவிட்டார். அகீரா எஸ், சான்ஸ், முசாக், நெஸ் என்று நான்கு குழுக்கள். 1978இல் ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ தயாரித்த 'நோ நியூயார்க்' தொகுப்பிலும் நான்கு குழுக்கள். அதற்கு இது பதில். ஆனால் அந்தத் தலைப்பில் ஒரு சிலேடை ஒளிந்திருக்கிறது. போர்ச்சுகீஸில் 'நாவோ' என்றால் இல்லை, 'சாவோ' என்றால் புனிதர். அதே சொல் 'இருக்கிறார்கள்' என்ற வினையும்கூட. ஆக 'நாவோ சாவோ' என்பதை 'அவர்கள் அல்ல' என்றும் படிக்கலாம். எந்த ஊரின் பெயரில் வெளிவருகிறார்களோ அந்த ஊரையே மறுக்கும் தலைப்பு. காளமேகம் இருந்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்.

அதற்கும் முன்னால் பிரேசிலின் முதல் பங்க் இசைத்தட்டாகச் சொல்லப்படும் 'கிரிட்டோ சுபுர்பானோ' 1982இல் வந்தது. 'புறநகர்க் கூச்சல்' என்று அர்த்தம். அதுவும் தொகுப்புதான், மூன்று குழுக்கள் சேர்ந்தது. ஆகவே தொகுப்பு என்பது இருபது வருடம் கழித்து ஐரோப்பாவிலிருந்து வந்த தூசு தட்டும் துணி அல்ல. இந்த இசை பிறந்ததே தொகுப்பில்தான். தனித் தட்டு போடப் பலருக்கு வசதி இல்லை. சீட்டு சேர்வதுபோல் சேர்ந்து போட்டார்கள். பக்கத்திலேயே ஆர்பிஎம் என்ற பாப்-ராக் குழுவின் 1986ஆம் ஆண்டு நேரலை ஆல்பம் இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தபோது இது நடந்தது.

'மறக்கப்பட்ட' என்ற வார்த்தைக்கு இன்னொரு சாட்சி போதும் எனக்கு. சாவோ பாவுலோவுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ரெசிஃபே என்ற கடலோர நகரத்தில், சிகோ சயன்ஸ் என்ற இளைஞர் ஃபெலினி குழுவின் பரம ரசிகர். 1990களில் பிரேசில் இசையைப் புரட்டிப் போட்டவர்களில் ஒருவர். ஃபெலினிக்காரர்கள் பிற்பாடு வேறு பெயரில் செய்த 'ஞாயிற்றுக்கிழமைக் குழந்தை' என்ற பாட்டை அவருடைய குழு 1996இல் தன் ஆல்பத்தில் மறுபடி பாடியது. லண்டன் தொகுப்பு வருவதற்கு ஒன்பது வருடம் முன்பு. யார் மறந்தார்கள்? நமக்குத் தெரியாது என்பதை உலகத்துக்கே தெரியாது என்று மாற்றி எழுதும் பழக்கம் நல்லதல்ல. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஃபெலினி பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. இருந்தாலும் கொஞ்சம். முதல் ஆல்பத்துக்கே 'ஃபெலினியின் விடைபெறல்' என்று பெயர் வைத்தவர்கள் (1985). அதிலுள்ள 'ஐரோப்பிய ராக்' என்ற பாட்டு தொகுப்பில் இருக்கிறது. முதல் தடவை கேட்டபோது மான்செஸ்டர் குழு ஒன்று வழி தவறிப் போர்ச்சுகீஸ் பாடுகிறது என்றே நினைத்தேன். முழு ஆல்பங்களைத் தேடிப் பிடித்த பிறகுதான் அதே ஃபெலினி வேறு ஒரு குழுவாகத் தென்பட்டது. இரண்டாவது ஆல்பத்தை நான்கு தடங்கள் மட்டுமே உள்ள கேசட் ரெக்கார்டரில் வீட்டிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். டிரம்மருக்குப் பதில் டிரம் இயந்திரம். கடாவோ வோல்பாட்டோ பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல் மெல்லப் பாடுகிறார். அந்த ஏழை இயந்திரத்தின் டிக்டிக்குக்கு அடியில் பிரேசிலின் நடன இசையான சாம்பாவின் நடை மெதுவாக எட்டிப் பார்க்கிறது. கோபமே இல்லை. இந்த முகத்தை எனக்குத் தொகுப்பு சரியாகக் காட்டவில்லை. பின்னாளின் சாம்பா வாடை அடிக்கும் பாட்டு ஒன்றையும் சேர்த்திருந்தார்கள், உண்மைதான். ஆனால் சுற்றிலும் அத்தனை இரைச்சல் இருக்கும்போது அது ஒரு வேடிக்கைபோலக் கடந்து போய்விட்டது.

இத்தனை குறை சொல்லியும் அந்த சிடியை நான் யாருக்கும் தரமாட்டேன். காரணம் அந்தச் சிறு புத்தகம். புகைப்படம், பெயர், எந்த ஆல்பத்திலிருந்து எடுத்தது என்ற விவரம். அதைப் பிடித்துக்கொண்டுதானே நான் மருந்தாளுநரின் கடை வாசல்வரை போனேன். இன்று ஒரு செயலியைத் திறந்து 'பிரேசில் போஸ்ட்-பங்க்' என்று தேடினால் ஆறு மணி நேரப் பட்டியல் ஓடுகிறது. யார் தொகுத்தது, யார் பேஸ் வாசித்தது, எந்த ஊர், ஒன்றும் கிடையாது. போன மாதம் அப்படி ஒரு பட்டியலில் மெர்செனாரியாஸ் முடிந்த கையோடு போர்ச்சுகலின் லிஸ்பன் நகரக் குழு ஒன்று வந்தது. மொழி ஒன்றாக இருந்தால் போதுமாம். விவரம் தராத தொகுப்பு எனக்குத் தொகுப்பே அல்ல, பிசைந்து வைத்த சோறு.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் லண்டன் தொகுப்பில் தொடங்குங்கள், தவறில்லை. இரண்டு தடவைக்கு மேல் அதில் தங்க வேண்டாம். நேராக 'ஆயுதங்கள் எங்கே?' முழு ஆல்பம், பிறகு ஃபெலினியின் இரண்டாவது. அகீரா எஸ்ஸை இரவில் கேளுங்கள், ஹெட்போனில்.

கலாங்காவின் கடை 'நாவோ சாவோ பாவுலோ'வின் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டது. அதன் பழைய வினைல் தட்டை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. நண்பர்கள் யாரிடமாவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். விற்க வேண்டாம், அட்டையின் பின்பக்கத்தை மட்டும் எழுத்து தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பினால் போதும். கல்யாணப் பத்திரிகையில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது.