கை நீளும் அந்த நொடியைப் பசங்களுக்குக் கத்துக் கொடுங்க

குடியின் கேட்டைப் பற்றி நம்ம பசங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பாட்டிலிலேயே அச்சடித்திருக்கிறது. கட்டுரைப் போட்டியில் அதை எழுதிப் பரிசும் வாங்குகிறார்கள். அப்புறமும் பிளஸ் டூ முடிவதற்குள் பல பேருக்கு முதல் கட்டிங் உள்ளே போய்விடுகிறது.

பெரும்பாலும் நம் கண்ணெதிரேதான். நோம்பிக்குக் கெடா வெட்டி முடிந்திருக்கும். தோட்டத்துச் சாளைக்குப் பின்னால் மாமன் மச்சான்கள் உட்கார்ந்திருப்பார்கள். தண்ணி பாக்கெட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் வாங்கிவந்தது பத்தாவது படிக்கிறவன். "இந்தாடா மாப்ள, ஒரு வாய்தான். என்ன சின்னப் புள்ளயாட்ட நிக்கறே?" எல்லோரும் சிரிப்பார்கள். சட்டப்படி 21 வயதாக வேண்டும் என்று அங்கே யாருக்கு ஞாபகம் வரும்? பையனுக்குக் குடிக்கும் ஆசைகூட இருக்காது. காது சூடாகும், நெஞ்சு படபடக்கும், கை தானாக நீளும். அந்தப் படபடப்பைக் கவனிக்க அவனுக்கு யாருமே சொல்லித் தரவில்லை.

வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஆலன் மார்லட், குடியை விடப் போராடியவர்களுக்கு இதைத்தான் கற்றுத் தந்தார். உந்துதல் அலை மாதிரி எழும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும். மல்லுக்கட்டாமல் மூச்சைக் கவனித்தபடி பார்த்துக்கொண்டிரு என்றார். அந்தப் பயிற்சி குடிக்கத் தொடங்காத பிள்ளைக்கே கிடைக்கட்டும் என்கிறேன். 15 வயதுக்கு முன் குடிக்க ஆரம்பித்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் பிற்பாடு அடிமையானார்கள், 20 வயதுக்கு மேல் ஆரம்பித்தவர்களில் 10 சதவீதம்தான் என்கிறது 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. தள்ளிப்போகும் ஒவ்வொரு வருடமும் லாபம்தான்.

நமக்கு இது அந்நியமும் அல்ல. ஆழியாறில் வேதாத்திரி மகரிஷியின் அறிவுத் திருக்கோயில் இருக்கிறது. அவர் வகுத்த தியான, உடற்பயிற்சி முறையான மனவளக்கலையில் 'ஆசை சீரமைத்தல்' என்றே ஒரு பயிற்சி உண்டு. நாமோ சர்க்கரையும் பிரஷரும் வந்தபிறகுதான் மனவளக்கலை மன்றத்துப் பக்கம் போகிறோம்.

ஆனால் பிரேயரில் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளில், 8,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து மூச்சையும் மனதையும் கவனிக்கும் 'மைண்ட்ஃபுல்னெஸ்' பயிற்சியை வகுப்பறையில் சோதித்தார்கள். 2022இல் முடிவு வந்தது: வழக்கமான வகுப்பைவிட மனநலம் மேம்படவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. குடியைப் பற்றிய ஆய்வு அல்ல அது. என்றாலும் திணித்தால் ஒட்டாது என்பது விளங்குகிறது. கபடி, வாலிபால் சொல்லித்தரும் அண்ணன்மார் செய்தால் ஒட்டும். பையன் மதிக்கிற ஆள் அவர்தான். தோற்று வந்து கொதித்துக்கொண்டிருக்கும்போது, "இப்ப உடம்புல எங்கடா படபடங்குது? ரெண்டு நிமிசம் அதையே பாரு" என்றால் போதும்.

ஏற்கனவே குடிக்கத் தொடங்கிவிட்டவனுக்கு இது மட்டும் பத்தாது. அவனை அடிக்காதீர்கள், மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416க்குப் போன் செய்யுங்கள்; டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.