கைமாறும் கிரைண்டர்

சனிக்கிழமை இங்கே சிங்கப்பூரில், கிளெமென்டியில் ஒரு நண்பர் வீட்டைக் காலி செய்தார். அமெரிக்காவில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு வேலை) கிடைத்திருக்கிறது. கட்டில், சைக்கிள் எல்லாம் வாட்ஸ்அப் குழுவிலேயே விற்றுவிட்டது. கோயம்புத்தூர் கிரைண்டரை மட்டும் எங்களிடம் கொடுத்தார். "அங்க 120 வோல்ட்டுங்க, இது ஓடாது. நீங்க வச்சுக்குங்க."

வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தால், ஆய்வுக்கூடத்தில் பாட்டிலுக்கு ஒட்டுகிற அதே டேப்பில் நான்கு குடும்பப் பெயர்கள், பக்கத்தில் வருடங்கள். ஒருவர் பாஸ்டன், ஒருவர் மியூனிக், ஒருவர் திரும்ப சென்னை, கடைசியாக இவர். (மியூனிக்கில் ஓடியிருக்கும். அந்தக் கல்லை விமானத்தில் யார் தூக்கிப்போவது?)

ஆய்வாளர்கள் நாடு விட்டு நாடு போவது அறிவியலுக்கு நல்லது என்கிறார்கள். நான் மறுக்கவில்லை. திருச்சியில் பிஎச்டி செய்தபோது ஒரு சாம்பிளை என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் சோதனை) எடுக்க வெளியூருக்கு அனுப்பிவிட்டு மூன்று வாரம் காத்திருப்பேன். இங்கே ராத்திரி பத்து மணிக்குப் போட்டுவிட்டு வந்தால் காலையில் ஸ்பெக்ட்ரம் தயார். அந்த ஒரு வசதிக்காகவே வரலாம்.

ஆனால் கூட வருகிறவரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. என் கணவர் ஒன்பது வருடம் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர். இங்கே டிபியில், அதாவது என் வேலை அனுமதியைச் சார்ந்து குடும்பத்தினருக்குத் தரும் டிபென்டன்ட் பாஸில் இருக்கிறார். 2021 மே 1க்கு முன்னால் டிபிக்காரருக்கு வேலை கிடைத்தால், முதலாளி அரசிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கினால் போதுமாக இருந்தது. இப்போது பொதுவாகத் தனி வேலை அனுமதியே வாங்க வேண்டும். அது இபி (எம்ப்ளாய்மென்ட் பாஸ்) என்றால் குறைந்தபட்சச் சம்பள வரம்பு, அதன்மேல் காம்பஸ் என்ற புள்ளிக் கணக்கில் 40 புள்ளி. நேர்முகத்தில் அரை மணி நேரம் சிரித்துப் பேசுகிறார்கள். "இப்ப என்ன பாஸ்ல இருக்கீங்க?" என்று கேட்டதும் பேச்சு அடங்கிவிடுகிறது. ஊரிலிருந்து மாமியார் போனில் கேட்கிறார், "அவன் அங்க என்னம்மா பண்றான்?" மாவு அரைக்கிறார் என்றா சொல்வது?

விஞ்ஞானிக்கும் குடும்பம் உண்டு என்பது இங்கே யாருக்கும் தெரியாததல்ல. சிங்கப்பூர் அரசின் ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரின் தலைவராக இருந்த பிலிப் இயோ, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெரிய விஞ்ஞானிகளைத் திமிங்கிலங்கள் என்பார், இளம் ஆய்வாளர்களைக் கப்பி மீன்கள் என்பார். 2006இல் வந்த நீல் கோப்லண்ட், நான்சி ஜென்கின்ஸ் அப்படிப்பட்ட திமிங்கிலத் தம்பதி. புற்றுநோய் மரபணு ஆய்வில் சேர்ந்தே வேலை செய்தவர்கள், சேர்ந்தே வந்தார்கள், 2011இல் சேர்ந்தே ஹூஸ்டனுக்குப் போனார்கள். அந்த உயரத்தில் இரண்டு பேரையும்தான் கூப்பிட வேண்டும் என்று புரிகிறது. இரண்டு வருட ஒப்பந்தக்காரி வந்தால் மட்டும் கணவர் வெறும் 'சார்ந்திருப்பவர்' ஆகிவிடுகிறார்.

எல்லா நாட்டிலும் ஏதோ ஒரு கதவு மூடித்தான் இருக்கிறது. அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்குப் பெரும்பாலும் வேலை அனுமதி கிடையாது. ஆனால் ஆய்வாளர்களும் போகிற ஜே-1 விசாவில் போனால், துணையாக வருகிறவர் மனு போட்டு அந்த அனுமதியை வாங்கலாம். கிளெமென்டி நண்பரின் மனைவி மைக்ரோபயாலஜி படித்தவர், மூன்று வருடம் இங்கே வீட்டில் இருந்தார். அவர்கள் கிளம்பியதற்கு முதல் காரணம் அதுதான், புது லேப் எல்லாம் அப்புறம்தான். இவ்வளவு பணம் போட்டுப் பழக்கிய ஆளை இதற்காக இழப்பது எனக்குச் சரியான கணக்காகத் தெரியவில்லை.

உள்ளூர்க்காரர்களின் வேலை பற்றிய கவலை நியாயமானதுதான், என் லேபில் உள்ள சிங்கப்பூர்த் தோழியும் அதைத்தான் சொல்வாள். சரி, அந்தச் சம்மதக் கடிதத்தை ஆய்வாளர் குடும்பங்களுக்கு மட்டுமாவது திரும்பக் கொடுக்கலாமே. ஒப்பந்தத்தையும் நான்கு வருடமாக்கலாம். இரண்டு வருடத்தில் முதல் ஆறு மாதம் கருவி பழகப் போகிறது, கடைசி ஆறு மாதம் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுதப் போகிறது. நடுவில் மிஞ்சுகிற ஒரு வருடத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டியதை எல்லாம் கண்டுபிடிக்க வேண்டும்.

"தெரிஞ்சுதானே வந்தீங்க?" என்று கமெண்டில் யாராவது கேட்பீர்கள். ஆமாம், தெரிந்துதான் வந்தேன்.

நேற்று டேப் கிழித்து எங்கள் பெயரையும் ஐந்தாவதாக ஒட்டிவிட்டார் என் கணவர். என் ஒப்பந்தம் அடுத்த ஜூனில் முடிகிறது. கிரைண்டர் வேண்டும் என்பவர்கள் இப்போதே சொல்லி வையுங்கள்.